சிப்பிப்பாறையா, லாப்ரடாரா? நோயிலிருந்து மீளும் வீட்டிற்கு ஏற்ற நாய் எது?

சென்ற ஆண்டு, இதய அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரங்கள் கழிந்த நிலையில், ஒரு பெரியவர் மறுபரிசோதனைக்கு வந்திருந்தார். வயது 64. கரிசல் பூமியில் பிறந்து, அரசுப் பணியின் பொருட்டு மதுரைக்குக் குடிபெயர்ந்து, ஓய்வு பெற்றவர். இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, மார்பின் தழும்பு எல்லாவற்றையும் பார்த்து முடித்தபின், "வேறு ஏதேனும் கேட்க வேண்டுமா, ஐயா?" என்றேன். அவர் தயங்கினார். அருகில் நின்ற ஒன்பது வயதுப் பேரன் தன் நோட்டுப் புத்தகத்தை விரித்து என் மேசைமேல் வைத்தான். அதில் மஞ்சள் வண்ணத்தில் ஒரு நாயின் படம் வரையப்பட்டிருந்தது.

"நாள்தோறும் நடக்கச் சொன்னீர்கள், டாக்டர். தனியாக நடக்க மனம் வரவில்லை. நாய் ஒன்று இருந்தால் நடப்பேன் என்று தோன்றுகிறது. சிறுவயதில் எங்கள் வீட்டில் சிப்பிப்பாறை நாய் இருந்தது. அதுபோல ஒன்று வேண்டும் என்பது என் ஆசை. இவனுக்கோ லாப்ரடார்தான் வேண்டுமாம். எதை வாங்கலாம், நீங்களே சொல்லுங்கள்" என்றார் பெரியவர்.

அதுவரை பேசாதிருந்த அவருடைய மனைவி, "குளிப்பாட்டுவது யார், சோறு வைப்பது யார், வாசலைக் கழுவிவிடுவது யார் என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை, டாக்டர்" என்றார்.

நாய் வளர்ப்பைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுள் மிகச் சரியான கேள்வி அந்த அம்மாள் கேட்டதே. அந்தக் குடும்பத்தினரின் இசைவுடனும், அவர்களை அடையாளம் காட்டும் செய்திகளைத் தவிர்த்தும், அன்று தொடங்கிய உரையாடலை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். இதே கேள்வி வாசகர்களுள் பலருடைய வீட்டிலும் எழுந்திருக்கக்கூடும்.

நாய் மருந்தாகுமா?

நாய் வளர்ப்போரின் இதயநலம் குறித்து உலகெங்கும் ஆய்வுகள் நடந்துள்ளன. சுவீடன் நாட்டில் 34 இலட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, நாய் வளர்ப்போரிடையே, அதிலும் தனியாக வாழ்வோரிடையே, இறப்பு விகிதம் குறைவாக இருந்ததைக் காட்டியது. ஆயினும், நாய் வந்ததனால் உடல்நலம் கிட்டியதா, அல்லது உடல்நலம் உள்ளவர்களே நாய் வளர்க்க முன்வருகின்றனரா என்பதை இத்தகைய ஆய்வுகளால் பிரித்தறிய இயலாது.

அமெரிக்க இதயச் சங்கம் 2013இல் வெளியிட்ட அறிக்கையில் இதைச் சமநிலையுடன் கூறியுள்ளது. நாய் வளர்ப்பது இதயநோய் அபாயத்தைக் குறைக்க உதவக்கூடும். எனினும், இதயநோய் அபாயத்தைக் குறைத்துக்கொள்வதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு ஒரு பிராணியை வாங்குதல் தகாது என்பதே அதன் சாரம்.

இதன் பொருள் எளிது. நாய் மருந்துச் சீட்டில் எழுதித் தரத்தக்க பொருளன்று. பத்து அல்லது பன்னிரண்டு ஆண்டுகள் உங்களோடு வாழப்போகும் ஓர் உயிர் அது. நீங்கள் நலமாக இருக்கும் நாளில் அதற்கு நடை வேண்டும். நீங்கள் காய்ச்சலில் படுத்திருக்கும் நாளிலும், மருத்துவமனையில் இருக்கும் நாளிலும் அதே நடை வேண்டும். ஆகவே நாயைத் தேர்ந்தெடுக்கும்போது, வீட்டில் உள்ளோர் அனைவரும் உற்சாகமாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. வீடு மிகவும் தளர்ந்திருக்கும் நாளை நினைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தக் குடும்பத்திற்கு நான் சொன்னதும் இதுவே.

இருவகைச் சுறுசுறுப்பு

சிப்பிப்பாறை, லாப்ரடார் இரண்டுமே சுறுசுறுப்பான இனங்கள். ஆனால், அந்தச் சுறுசுறுப்பு ஒரே வகையினதன்று.

சிப்பிப்பாறை தென்தமிழ்நாட்டுக் கரிசல் நிலத்துக்கு உரிய நாய். ஒடுங்கிய வயிறு, ஆழ்ந்த மார்பு, நீண்ட கால்கள், குறுகிய முகம் ஆகியவை அதன் அடையாளங்கள். கண்ணால் கண்டு துரத்திப் பிடிக்கும் வேட்டை நாய்களின் வகையைச் சேர்ந்தது. முயல் வேட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது. ஆனால், நாயின் இரத்தத்தில் ஊறிய இயல்பைச் சட்டம் மாற்றிவிடாது. அசையும் அணிலையோ, பூனையையோ, கோழியையோ கண்டுவிட்டால் அது பாய்ந்துவிடும். பாய்ந்தபின் எவர் அழைத்தாலும் அதன் செவியில் ஏறாது.

இந்நாயின் ஆற்றல் வெடித்துத் தீரும் ஆற்றல். திறந்த வெளியில் சில நிமிடங்கள் முழு வேகத்தில் ஓடவிட்டால், பின்னர் நெடுநேரம் அமைதியாகப் படுத்திருக்கும். ஓட வழியில்லாவிடில் அந்த ஆற்றல் குரைப்பாகவும், சுவர் தாண்டலாகவும், சாமான்களைக் கடித்துக் குதறுவதாகவும் வெளிப்படும். நான்கடி மதில் அதற்கு ஒரு பொருட்டன்று. வளர்ப்போரிடம் ஆழ்ந்த பற்றுக் கொள்ளும். பலவேளைகளில் ஒருவரையே தன் தலைவராக ஏற்கும். புதியவர்களிடம் ஒதுங்கி நிற்கும். முரட்டுத்தனமாகத் தூக்குவதையும் இழுப்பதையும் விரும்பாது.

லாப்ரடாரின் கதை வேறு. கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையோரத்தில் மீனவர்களோடு வாழ்ந்து, நீரில் நீந்தி வலைகளையும் மீன்களையும் கரைசேர்க்க உதவிய நாய்களின் வழித்தோன்றல் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில், சுட்டு வீழ்த்திய பறவைகளை எடுத்துவருவதற்கென்று வளர்க்கப்பட்டது. 1903இல் அந்நாட்டு நாய் வளர்ப்போர் கழகம் அதைத் தனி இனமாக ஏற்றது. மனிதர் சொல்வதைக் கேட்டு, மனிதருக்காகச் சுமந்து வருவதே அதன் பிறவிக்குணம். பார்வையற்றோருக்கு வழிகாட்டும் பணிக்கு உலகெங்கும் இவ்வினம் பெரிதும் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு அந்தக் குணமே காரணம்.

இந்நாயின் ஆற்றல் நாள் முழுவதும் பரவி நிற்கும் ஆற்றல். காலையும் மாலையும் நடை, இடையே விளையாட்டு, எந்நேரமும் மனிதத் துணை ஆகியவற்றை அது எதிர்பார்க்கும். தனிமையில் விட்டால் வாடும். பலரும் அறியாத உண்மை ஒன்று உண்டு. நாம் படங்களில் காணும் சாந்தமான லாப்ரடார், இரண்டு மூன்று வயதைக் கடந்த லாப்ரடார். அதற்கு முன் அது எதையும் வாயில் கவ்வும், எவர்மீதும் தாவும், அன்பினாலேயே குழந்தையையும் முதியவரையும் கீழே தள்ளிவிடும்.

கயிற்றின் மறுமுனை

முழுவளர்ச்சியடைந்த லாப்ரடார் 25 முதல் 36 கிலோ வரை எடை கொள்ளும். சிப்பிப்பாறை பொதுவாக 15 முதல் 20 கிலோ இருக்கும். எடையை மட்டும் நோக்கினால் சிப்பிப்பாறையே முதியோர் கைக்கு அடங்கும் என்று தோன்றும். அது தவறான கணக்கு. பழகிய, வயதுவந்த லாப்ரடார் சீராக நடக்கும். இழுத்தாலும் தொடர்ந்து இழுக்கும், ஆகையால் நாம் முன்னரே ஊன்றி நிற்கலாம். சிப்பிப்பாறையோ அமைதியாக நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு பூனையைக் கண்டு கணப்பொழுதில் பாய்ந்துவிடும். அந்த எதிர்பாராத இழுப்புத்தான் மனிதரைச் சாய்க்கிறது.

அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தோர், கயிற்றில் கட்டிய நாயோடு நடக்கும்போது எலும்பு முறிந்து அவசரப் பிரிவுக்கு வந்த நிகழ்வுகளை ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2004இல் ஏறத்தாழ 1,670 ஆக இருந்த எண்ணிக்கை, 2017இல் ஏறத்தாழ 4,400 ஆக உயர்ந்திருந்தது. அவர்களுள் நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் பெண்கள். இடுப்பெலும்பு முறிவும் மிகுதியாகக் காணப்பட்டது. மாதவிடாய் நின்றபின் எலும்பு தேய்ந்திருக்கும் பெண்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு மேலும் ஒரு காரணம் உண்டு. பிளந்து இணைக்கப்பட்ட மார்பெலும்பு கூடி வருவதற்கு இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை கனமான பொருளைத் தூக்குதல், தள்ளுதல், இழுத்தல் அனைத்தும் விலக்கப்பட்டவை. நாயின் கயிறு திடீரென இழுபடுவதும் அவற்றுள் ஒன்றே. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், பக்கவாதத்திலிருந்து மீள்பவர்கள், எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் ஏற்படுபவர்கள் ஆகியோரும் தங்கள் மருத்துவர் இசைவு தரும்வரை கயிற்றைத் தாமே பிடிக்கக் கூடாது. வேறொருவர் கயிற்றைப் பிடிக்க, அருகில் நடந்து வரலாம். நடையின் பயன் அதனால் சிறிதும் குறையாது.

கயிற்றைப் பிடிக்கும் நிலை வந்தபின்னும் சில பழக்கங்கள் வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. பாய்ந்தால் விட்டுவிடும்படி பிடிக்க வேண்டும். மார்பின் முன்புறத்தில் கயிற்றை மாட்டும் வகை வார்ப்பட்டை நாயின் இழுப்பைக் குறைக்க உதவும். வழுக்காத காலணி அணிய வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர் விழுந்தால், வெளியே காயம் தெரியாவிடினும், தலையில் அடிபட்டிருந்தால் உடனே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்.

வெயிலும் பசியும்

நம் ஊர் வெயில் இரண்டு நாய்களுக்கும் ஒன்றுபோல் அமையாது. சிப்பிப்பாறையின் உரோமம் குட்டையானது, மெல்லியது. கரிசல் காட்டு வெப்பத்தில் வளர்ந்த உடல் அது. லாப்ரடாருக்கு இரண்டு அடுக்கு உரோமம் உண்டு. குளிர்ந்த கடல்நீரைத் தாங்க அமைந்த அந்தப் போர்வை, சித்திரை வெயிலில் அதற்குச் சுமையாகிறது. எனவே லாப்ரடாரைச் சூரியன் எழுமுன்னரும், மாலையில் தரை ஆறிய பின்னரும் மட்டுமே நடத்திச் செல்ல வேண்டும். புறங்கையைச் சாலையில் சில நொடிகள் வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க இயலாத சூடு நாயின் பாதத்திற்கும் ஆகாது. இதயநோயாளிகளுக்கும் வெயில் நடை ஆகாது என்பதால், இந்த நேர ஒழுங்கு இருவருக்கும் நன்மையே. உரோமம் உதிர்வதும் லாப்ரடாரிடம் மிகுதி. நாள்தோறும் பெருக்கித் துடைக்க ஒருவர் வேண்டும்.

பசியைப் பொறுத்தவரை லாப்ரடார் ஒரு தனி உலகம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாரிடம், பசியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றில் குறைபாடு காணப்பட்டது. உணவு முடிந்தபின்னும் அவற்றின் பசி அடங்குவதில்லை. இடுப்பு மூட்டுக் கோளாறு இவ்வினத்தில் பரவலாகக் காணப்படுவது. உடல் பருத்தால் அது மேலும் துன்புறுத்தும். 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், நான்கில் ஒரு பங்கு குறைவாக உணவளிக்கப்பட்ட நாய்கள், தம் உடன்பிறப்புகளைவிட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. ஆகவே, கெஞ்சும் கண்களைக் கண்டு இரங்கி மேசையிலிருந்து வடையும் பிஸ்கட்டும் கொடுப்பது அன்பாகாது. சிப்பிப்பாறைக்கு இந்தத் தொல்லை குறைவு. மெலிந்த உடலே அதன் இயல்பு. விலா எலும்புகள் தெரிகின்றன என்று அஞ்சி அதைக் கொழுக்க வைத்துவிடக் கூடாது.

நோயாளி உள்ள வீடுகளுக்கு மேலும் ஓர் எச்சரிக்கை. கண்டதை விழுங்கும் நாய் இருக்கும் வீட்டில் மருந்துப் பெட்டி கைக்கெட்டும் உயரத்தில் இருக்கலாகாது. வலிநிவாரணி மாத்திரைகள், இரத்த அழுத்த மாத்திரைகள், இதய மருந்துகள் ஆகியவை நாயின் உயிரைப் பறிக்கக்கூடியவை. சர்க்கரை நோயாளிகளுக்கென்று விற்கப்படும் சில இனிப்புகளிலும் மெல்லும் மிட்டாய்களிலும் சேர்க்கப்படும் சைலிடால் என்னும் பொருள் நாய்க்குக் கொடிய நஞ்சு. சாக்லேட், திராட்சை, வெங்காயம், பூண்டு ஆகியவற்றையும் தரக் கூடாது.

நோயெதிர்ப்பாற்றல் குறைந்தவர் வீட்டில் இருந்தால்

அந்தக் குடும்பத்தின் அம்மாள், முடக்குவாதத்திற்காக நோயெதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர். "எனக்கு ஏதேனும் தொற்றிக்கொள்ளுமா?" என்று கேட்டார். இது புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோருக்கும், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோருக்கும், நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்வோருக்கும் பொருந்தும் கேள்வி.

இத்தகையோர் நாய் வளர்க்கவே கூடாது என்பதில்லை. ஆனால் சில வரம்புகள் உண்டு. ஆறு மாதத்திற்கு உட்பட்ட குட்டிகளைத் தவிர்ப்பது நல்லது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் குட்டிகளிடம் மிகுதி. கழிவை அள்ளும் பணியை வீட்டில் வேறொருவர் ஏற்க வேண்டும். நாய்க்குப் பச்சை இறைச்சி தரக் கூடாது. முகத்தையும் புண்களையும் நக்க விடக் கூடாது. தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். நாயின் சிறுநீர் வழியே எலிக்காய்ச்சல் பரவக்கூடும் என்பதால், அதற்கான தடுப்பூசியையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள் சிறு நாய்க்கடிக்கும் தாமதியாது மருத்துவரிடம் வர வேண்டும். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோர், அது நடக்கும் அறைக்குள் நாயை அனுமதிக்கக் கூடாது.

ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் உள்ளவர்கள், "உரோமம் குறைந்த சிப்பிப்பாறையானால் தும்மல் வராதல்லவா?" என்று கேட்பதுண்டு. ஒவ்வாமைக்குக் காரணம் உரோமம் அன்று. நாயின் தோல் செதில்களிலும் உமிழ்நீரிலும் உள்ள புரதங்களே. அவை எல்லா இன நாய்களிடமும் உண்டு. நாயை வீட்டிற்குக் கொண்டுவருமுன், அந்த இன நாய் உள்ள நண்பர் வீட்டிற்குச் சிலமுறை சென்று, சில மணி நேரம் இருந்து பார்ப்பதே நல்ல வழி.

எந்த இனமானாலும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி கட்டாயம். குட்டிக்கு மூன்று மாத வயதில் தொடங்கி, கால்நடை மருத்துவர் கூறும் கால இடைவெளியில் தவறாமல் தொடர வேண்டும். நம் வீட்டு நாய்தானே என்று எண்ணி, கடியையும் கீறலையும் அலட்சியம் செய்யக் கூடாது. ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி எதையும் புண்ணில் வைக்கக் கூடாது. அறிகுறிகள் தோன்றியபின் வெறிநாய்க்கடி நோயிலிருந்து மீள்வது அரிதினும் அரிது. உரிய காலத்தில் சிகிச்சை பெற்றால் அந்நோயைத் தடுத்துவிடலாம்.

அந்த வீட்டின் கணக்கு

இவ்வளவும் கேட்டபின், அந்தக் குடும்பத்தினர் ஒரு மாதம் கழித்து மீண்டும் வருவதாகக் கூறிச் சென்றனர். அம்மாள் கேட்ட கேள்விக்கு ஒவ்வொருவரும் தம் பெயரை எழுதிப் பதில் கூற வேண்டும் என்று மட்டும் நான் கேட்டுக்கொண்டேன். மாதம் கழிந்து வந்தபோது, பேரனின் அதே நோட்டில் ஒரு பட்டியல் இருந்தது.

பெரியவருக்குச் சிப்பிப்பாறை மீதிருந்த ஆசைக்கு வீட்டில் ஒரே ஒரு துணை இருந்தது. அது பதினேழு வயதுப் பேத்தி. அவள் பள்ளியின் ஓட்டப்பந்தய வீராங்கனை. நாள்தோறும் விடியற்காலையில் மைதானத்தில் ஓடுபவள். "நான் ஓடும்போது அதுவும் ஓடும், தாத்தா" என்று அவள் சொல்லியிருந்தாள். பட்டியலில் "ஓட்டம்" என்பதற்கு எதிரே அவள் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, பெரியவர் தம் கையாலேயே ஒரு வரி எழுதியிருந்தார்: அடுத்த ஆண்டு கல்லூரி விடுதி.

"அவள் போனபின் அந்த நாயோடு ஓட இந்த வீட்டில் ஆளில்லை, டாக்டர். மதிலும் நான்கடிதான். எங்கள் ஊரில் அந்த நாய்களைக் கட்டிப்போட்டுப் பார்த்ததில்லை. என் ஆசைக்காக அதைச் சங்கிலியில் கட்டுவது பாவம்" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கு வருத்தம் இருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு தம்மால் இயலாதவற்றை ஒவ்வொன்றாக ஒத்துக்கொண்டு வந்தவர் அவர். இதுவும் அவற்றுள் ஒன்றாயிற்று.

லாப்ரடார் குட்டிக்கும் அந்த வீடு ஏற்றதன்று என்பதைப் பட்டியலே காட்டியது. மகனும் மருமகளும் காலை எட்டு மணிக்கெல்லாம் வேலைக்குப் புறப்படுபவர்கள். பகல் முழுவதும் தாவும் குட்டியோடு இருக்க வேண்டியவர்கள், மார்பெலும்பு ஆறிவரும் ஒருவரும், தொற்றுக்கு அஞ்ச வேண்டிய மற்றொருவரும். பேரன் முகம் வாடிற்று. அப்போதுதான் மூன்றாவது வழி ஒன்றைப் பேசினோம். குட்டிப் பருவம் கடந்த, குணம் தெரிந்த, பழக்கப்பட்ட நாயை ஏற்றுக்கொள்ளலாம் அல்லவா? வெளிநாடு செல்வோர், வீடு மாறுவோர் விட்டுச்செல்லும் நாய்களும், காப்பகங்களில் வீடு தேடிக் காத்திருக்கும் நாய்களும் எல்லா ஊர்களிலும் உண்டு. தெருவில் பிறந்த நம் நாட்டு நாய்களுள்ளும் மிகச் சாந்தமானவை உண்டு.

அறுவை சிகிச்சை முடிந்து ஆறாம் மாதத்தில், ஐந்து வயதுப் பெண் லாப்ரடார் ஒன்று அந்த வீட்டிற்கு வந்தது. அதை வளர்த்தவர்கள் வேற்று நாட்டிற்குக் குடிபெயர்ந்தனர். கொண்டுவருமுன், பெரியவரும் மனைவியும் அந்நாய் இருந்த வீட்டிற்கு மூன்று முறை சென்று பழகினர். கால்நடை மருத்துவர் இடுப்பு மூட்டையும், தடுப்பூசிச் சீட்டையும் பார்த்தார். எடை 34 கிலோ. ஐந்து கிலோ குறைய வேண்டும் என்றார். பெரியவருக்கு நாங்கள் குறைக்கச் சொன்னதும் ஏறத்தாழ அவ்வளவே.

பட்டியலின்படி, காலை ஐந்தரை மணி நடைக்கு மகன் கயிற்றைப் பிடிக்கிறார். பெரியவர் உடன் நடக்கிறார். மாலை நடையைச் சில மாதங்கள் கழித்து எங்கள் இசைவுடன் அவரே ஏற்றார். கழிவை அள்ளுவது மகன். உணவை அளந்து வைப்பது பேரன். அம்மாளின் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதப்படவில்லை. ஆயினும், பகல் முழுவதும் அந்த நாய் அவருடைய நாற்காலியின் அருகேதான் படுத்திருக்கிறது என்று கேள்விப்படுகிறேன்.

முடிவெடுக்குமுன் வீட்டில் பேச வேண்டியவை

உங்கள் வீட்டில் இக்கேள்வி எழுந்தால், நாயின் படத்தைப் பார்க்குமுன் பின்வருவனவற்றைக் கூடிப் பேசுங்கள்.

1. நோயாளி மருத்துவமனையில் இருக்கும் நாளில், காலையும் மாலையும் நாயை நடத்திச் செல்பவர் யார்? அவர் பெயரை எழுதுங்கள். அவர் அடுத்த ஐந்து ஆண்டுகளும் இந்த வீட்டில் இருப்பாரா?

2. நாய் முழு வேகத்தில் ஓட, வேலியிட்ட திறந்தவெளி நாள்தோறும் கிட்டுமா? கிட்டும் என்றால் சிப்பிப்பாறையைப் பற்றி எண்ணலாம். கிட்டாது என்றால் அந்த ஆசையை விட்டுவிடுவதே அந்த இனத்திற்குச் செய்யும் மரியாதை.

3. பகலில் வீட்டில் மனிதத் துணை உண்டா? நாள்தோறும் இருவேளை நீண்ட நடைக்கு ஆள் உண்டா? உணவில் கண்டிப்பாக இருக்க இயலுமா? இம்மூன்றுக்கும் ஆம் என்றால் லாப்ரடாரைப் பற்றி எண்ணலாம்.

4. வீட்டில் தவழும் குழந்தையோ, தடுமாறி நடக்கும் முதியவரோ உண்டா? உண்டெனில் எந்த இனமானாலும் குட்டியைத் தவிர்த்து, வயதுவந்த நாயைத் தேடுங்கள். எத்துணைச் சாந்தமான நாயாயினும் சிறு குழந்தையோடு தனியே விடாதீர்கள்.

5. ஒவ்வாமை, நோயெதிர்ப்புக் குறைபாடு, இரத்தம் உறைதலைத் தடுக்கும் மருந்து, அண்மையில் செய்துகொண்ட அறுவை சிகிச்சை ஆகியவற்றுள் எதுவேனும் இருந்தால், அடுத்த மறுபரிசோதனையில் உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். இது அற்பமான கேள்வியன்று.

6. தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை, உள்ளாட்சி உரிமம், நோய்வாய்ப்பட்டால் ஆகும் செலவு ஆகியவற்றை மருத்துவச் செலவுக்கு மேலாகத் தாங்க இயலுமா?

இவற்றுள் எதற்கேனும் விடை கிடைக்காவிடில், இந்த ஆண்டு வேண்டாம் என்று முடிவு செய்வதும் நல்ல முடிவே. நாய் இன்றியும் நடக்கலாம். வாரத்திற்கு 150 நிமிட மிதமான நடை என்பதே உலகச் சுகாதார நிறுவனம் வயதுவந்தோருக்குக் கூறும் அளவு. அண்டை வீட்டாரையோ, துணைவரையோ கூட்டிக்கொண்டு அதை இன்றே தொடங்கலாம். உங்களுக்கு உரிய அளவை உங்கள் மருத்துவர் கூறுவார்.

சென்ற மாதம் அந்தப் பெரியவர் ஓராண்டு மறுபரிசோதனைக்கு வந்திருந்தார். பேத்தி விடுதிக்குச் சென்றுவிட்டாள். நாயின் எடை 30 கிலோவுக்கு இறங்கியிருந்தது; அவருடைய எடையும் குறைந்திருந்தது. கோவில்பட்டிப் பக்கம் தோட்டத்தில் வாழும் தம் தம்பி வீட்டில் இரண்டு சிப்பிப்பாறைகள் இருப்பதாகச் சொன்னார். சுற்றிலும் வேலி, நடுவே விரிந்த நிலம், ஓடவிட்டு அழைக்க இளைஞர் இருவர். பொங்கலுக்குச் சென்றபோது வரப்பில் நாற்காலி போட்டு அமர்ந்து, அவை ஓடுவதை மாலை முழுவதும் பார்த்திருந்தாராம்.

"இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன, டாக்டர்" என்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். மாலை நடைக்கு நேரமாகியிருந்தது.